சிறு அமலும் நிலைத்த ஊக்கமும்

ஷவ்வால் பிறை பத்தைத் தாண்டுவதற்குள் நம் பள்ளிவாசல்களில் ஸுபுஹுத் தொழுகையின் ஸஃப்புகள் சுருங்கிவிடுவதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரமளானில் தராவீஹுக்கு இடமின்றி வராந்தாவில் பாய் விரித்த அதே பள்ளியில், இமாமுக்குப் பின்னால் ஒரு ஸஃப்பு நிறைவதே அரிதாகிவிடுகிறது. வீடுகளிலும் இதே நிலைதான். தினம் ஒரு ஜுஸ்உ ஓதிய பெண்மணி திருமறையை உறையிலிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்து விடுகிறார். பெருநாள் வேலை, விருந்தாளிகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்து, உறையிலிட்டது உறையிலேயே இருந்து விடுகிறது.

இதைக் கண்டித்துப் பேசுவது எளிது. மேடைகளில் நிறையவே பேசப்படுகிறது. ஆனால் கண்டிப்பதால் மட்டும் ஸஃப்பு நீண்டுவிடுவதை நாம் பார்க்கவில்லை. ஊக்கம் ஏன் வருகிறது, ஏன் போகிறது, போனபின் என்ன செய்வது என்பதைப் பற்றி நம் மார்க்கம் மிக விரிவாகவே பேசியிருக்கிறது. அதை இம்மாதம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஊக்கம் ஏறுவதும் இறங்குவதும் மனித இயல்பு. நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இதை அறிந்தே வழிகாட்டினார்கள். ஒவ்வொரு அமலுக்கும் ஒரு வேகம் உண்டு, ஒவ்வொரு வேகத்துக்குப் பின்னும் ஒரு தளர்வு உண்டு, அந்தத் தளர்விலும் எவர் தம் வழிமுறைக்குள் நிற்கிறாரோ அவரே நேர்வழி பெற்றவர் என்ற கருத்தில் அவர்கள் அருளியதை அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. தளரவே கூடாது என்று இதில் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தளர்வு வரும், வரும்போது எங்கே போய் நிற்கிறோம் என்பதே கேள்வி. தஹஜ்ஜுத் தொழுதவர் அதைத் தொழ முடியாமல் போய், வித்ரோடு நின்றுகொண்டால் அவர் ஸுன்னத்துக்குள்தான் இருக்கிறார். தஹஜ்ஜுத் போயிற்றே என்று ஸுபுஹையும் விட்டவர் எல்லையைத் தாண்டிவிட்டார்.

ஒரு வாலிபர் நம்மிடம் வந்து கேட்டது நினைவுக்கு வருகிறது. நல்ல குடும்பத்துப் பிள்ளை. “ஹஜ்ரத், சில மாதங்களாகத் தொழுகையில் மனம் ஒட்டவில்லை. உடம்பு நிற்கிறது, உள்ளம் எங்கோ போகிறது. சோம்பலோடு தொழுகைக்கு நிற்பவர்கள் முனாபிக்குகள் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே. நடிப்பாகத் தொழுவதை விடத் தொழாமல் இருப்பது நேர்மையில்லையா?” என்றார். அவர் குரலில் ஆணவம் இல்லை, கவலைதான் இருந்தது. ஆனால் அந்தக் கவலையின் வழியாகவே ஷைத்தான் அவரைப் பர்ளிலிருந்து பிடுங்கி எடுக்கப் பார்க்கிறான் என்பதை அவர் உணரவில்லை.

அந்த வாலிபர் சொன்ன ஆயத்து ஸூரத்துந் நிஸாவின் 142-ஆவது வசனம். அதை முழுமையாகப் பார்க்க வேண்டும். நயவஞ்சகர்கள் சோம்பலாக நிற்பதை மட்டும் அல்லாஹ் அங்கே கூறவில்லை. அவர்கள் மக்களுக்குக் காட்டுவதற்காக நிற்பதையும், அல்லாஹ்வைச் சொற்பமாகவே நினைப்பதையும் சேர்த்தே கூறுகிறான். யாரும் பார்க்காத அறையில், மனம் ஒட்டவில்லையே என்று வேதனைப்பட்டுக் கொண்டே தொழுகிறவன் யாருக்குக் காட்டுகிறான்? தன் சோம்பலுக்காக அவன் படும் வருத்தமே அவன் உள்ளத்தில் ஈமான் உயிரோடிருப்பதற்கு அடையாளம்.

இந்த அச்சம் ஸஹாபாக்களுக்கே வந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ளலா (ரலி) அவர்கள் ஒருநாள் “ஹன்ளலா முனாபிக்காகி விட்டான்” என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டு போனார்கள். வழியில் கண்ட ஹஸ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் திடுக்கிட்டுக் காரணம் கேட்டார்கள். பெருமானாரின் சபையில் இருக்கும்போது சுவனமும் நரகமும் கண்ணெதிரே தெரிவதுபோல் இருக்கிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் நிலபுலன்களோடும் கலந்துவிட்டால் பெரும்பகுதி மறந்து போகிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான் என்றார்கள் ஸித்தீக் (ரலி) அவர்கள்! இந்த உம்மத்தில் ஈமானில் முதலிடம் வகிப்பவர் சொன்ன பதில் இது. இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டபோது, என் சபையில் இருக்கும் நிலையிலேயே எப்போதும் இருப்பீர்களானால் மலக்குகள் உங்கள் படுக்கைகளிலும் வீதிகளிலும் வந்து கைகொடுப்பார்கள், ஆனால் ஹன்ளலாவே, நேரத்துக்கு நேரம் நிலை மாறும் என்ற கருத்தில் மும்முறை கூறினார்கள். இது முஸ்லிம் ஷரீபில் வரும் சம்பவம். வீட்டுக்குப் போனால் நிலை மாறுவது குற்றமாக இங்கே சொல்லப்படவில்லை. மனைவி மக்களைக் கவனிக்கும் நேரமும் மார்க்கத்துக்கு உட்பட்ட நேரமே.

ஆகவே அந்த வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான்: மனம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் பர்ளு பர்ளுதான். கடன்காரருக்குப் பணம் கொடுக்கும்போது மனம் மகிழ்ந்து கொடுத்தாயா, வருந்திக் கொடுத்தாயா என்று யாரும் கேட்பதில்லை, கடன் அடைகிறது. மகிழ்ந்து கொடுப்பது மேலான நிலை. அதற்காகக் கொடுக்காமலே இருந்துவிடுவதை எந்த நாட்டிலும் நேர்மை என்று சொல்லமாட்டார்கள்.

மழையைப் போன்ற அமல்

இனி நஃபிலான அமல்களுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அல்கமா (ரஹ்) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் சில நாட்களை மட்டும் தனிப்பட்ட அமலுக்கென ஒதுக்கிக் கொள்வார்களா என்று கேட்டார்கள். அன்னையவர்கள் இல்லை என்று சொல்லி, பெருமானாரின் அமல் ‘தீமத்’தாக இருந்தது என்றார்கள். தீமத் என்ற அரபுச் சொல்லுக்கு இடியும் மின்னலும் இன்றி நிதானமாக, விடாமல் பெய்யும் மழை என்று பொருள். விவசாயம் அறிந்தவர்களுக்கு இந்த உவமையின் அருமை சட்டென்று விளங்கும். கோடையில் திடீரென்று கொட்டும் மழை ஆரவாரமாக வந்து, மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். அடித்துப் பெய்யாத மழைதான் வேருக்கு இறங்கும்.

நம்முடைய ரமளான் பெரும்பாலும் கோடை மழையாகவே இருந்துவிடுகிறது என்றால் தவறில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக!

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருப்பினும் நிலையாகச் செய்யப்படுவதே என்ற கருத்துள்ள ஹதீஸை அறியாதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். ஆனால் அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹவ்லா பின்த் துவைத் என்ற பெண்மணி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்திருந்தார். இவர் இரவெல்லாம் உறங்காமல் தொழுகிறவர் என்று அன்னையவர்கள் அறிமுகம் செய்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைப் புகழவில்லை. உங்களால் இயன்ற அமலையே எடுத்துக் கொள்ளுங்கள், நீங்கள் சலிப்படையும் வரை அல்லாஹ் சலிப்படைவதில்லை என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அல்லாஹ்வுக்குச் சலிப்பு என்பது கிடையாது. நீங்கள் அமலை நிறுத்தும் வரை அவன் கூலியை நிறுத்துவதில்லை என்பதே இதன் பொருளென்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.

மற்றொரு முறை பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைப்படையும்போது பிடித்துக் கொள்வதற்காகக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழ வேண்டும், களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர்களின் கட்டளை. புகாரியிலும் முஸ்லிமிலும் இச்சம்பவம் உண்டு.

இந்தச் சலுகையை நஃபிலுக்கு மட்டுமே என்று பிடித்துக் கொள்ளுங்கள். களைப்பாக இருக்கிறது என்று இஷாவின் பர்ளை விட்டுப் படுத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஹதீஸை ஆதாரம் காட்டக் கூடாது!

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில் வணக்கத்தில் நடுநிலை பேணுவது பற்றி ஒரு பாடம் வைத்து, அதை அடுத்தே அமல்களை விடாமல் பேணுவது பற்றிய பாடத்தை வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிச் சுமந்தவன் வழியில் இறக்கி வைத்துவிடுவான். இறக்கி வைக்காமல் கொண்டுபோக வேண்டுமானால் சுமையை முதலிலேயே எடைபோட்டுத் தூக்க வேண்டும். இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து நிற்பதில் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள். வாலிபத்தில் தினமும் நோன்பு வைத்து, இரவெல்லாம் நின்று தொழுதார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அழைத்து, உன் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தாளிக்கும் உன்மீது உரிமை உண்டு என்று எடுத்துக்கூறி, மாதத்துக்கு மூன்று நோன்பு போதும் என்றார்கள். என்னால் இன்னும் முடியும் என்று அவர்கள் வற்புறுத்த வற்புறுத்த, இறுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கும் தாவூத் நபியின் நோன்பு வரை அனுமதி கிடைத்தது. இரவில் நின்று தொழுதுவிட்டுப் பிறகு அதை விட்டுவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிடாதே என்றும் அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. பிற்காலத்தில் முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, பெருமானாரின் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர்கள் ஏங்கினார்கள். ஆனாலும் விடவில்லை. இரவில் ஓதவேண்டிய குர்ஆன் பகுதியைப் பகலிலேயே வீட்டார் ஒருவரிடம் ஓதிக்காட்டி இரவை இலேசாக்கிக் கொள்வார்கள். பலம் வேண்டும்போது சில நாட்கள் நோன்பை விட்டு, எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு அத்தனை நாட்களையும் நோற்பார்கள். நபி (ஸல்) அவர்களைப் பிரிந்தபோது எந்த அமலில் இருந்தோமோ அதை விட்டுவிடுவதை அவர்கள் விரும்பவில்லை.

இதில் ஊக்கத்தின் இரகசியமே அடங்கியிருக்கிறது. முடியாதபோது ஒரேயடியாக விட்டுவிடாமல், நேரத்தை மாற்றி, அளவைப் பிரித்து, கணக்கு வைத்து அதைக் காப்பாற்றினார்கள்.

விட்டுப்போன நாள்

நம்மவர்களுக்கு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. பத்து நாட்கள் தவறாமல் ஓதுவார்கள். பதினோராம் நாள் காய்ச்சலோ கல்யாணமோ வரும். பன்னிரண்டாம் நாள் “இனி என்ன, விட்டுத்தான் போயிற்றே” என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பே காய்ச்சலை விடக் கொடியது.

இதற்கு ஷரீஅத் தெளிவான மருந்து வைத்திருக்கிறது. இரவில் ஓதும் தம் பகுதியை உறக்கத்தால் தவறவிட்டவர், ஸுபுஹுக்கும் லுஹருக்கும் இடையே அதை ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்திருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களுக்கே நோயாலோ உறக்கத்தாலோ இரவுத் தொழுகை தவறினால் பகலில் 12 ரக்அத் தொழுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்து பேசிக்கொண்டிருந்ததால் லுஹருக்குப் பின்னுள்ள இரண்டு ரக்அத் ஸுன்னத் தவறியபோது, அஸருக்குப் பின் அதைத் தொழுததாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். தவறிய ஸுன்னத்தைக் களா செய்வது நம் ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்தாகும். இன்னும் ஒரு படி மேலே, அடியான் நோயுற்றாலோ பிரயாணம் சென்றாலோ, ஊரில் சுகமாக இருந்தபோது செய்து வந்தது அவனுக்கு எழுதப்படுகிறது என்று அபூமூஸா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. ஆனால் ‘செய்து வந்தது’ என்று ஒன்று இருந்தால்தானே எழுதுவதற்கு!

பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. மாதந்தோறும் சில நாட்கள் தொழுகையும் குர்ஆன் ஓதுவதும் இல்லாமல் போவதால் பழக்கமே அறுந்து விடுகிறது என்று பலர் குறைப்படுவதுண்டு. அந்நாட்களில் தொழாமல் இருப்பதே அல்லாஹ்வின் கட்டளைக்குப் பணிவதுதான். திக்ருக்கும் ஸலவாத்துக்கும் துஆவுக்கும் அந்நாட்களில் தடையே இல்லை. ஸுபுஹுக்குப் பின் கால்மணி நேரம் ஓதி வந்தவர், அதே கால்மணி நேரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து ஸலவாத்துச் சொல்லலாம். நேரம் கைவிட்டுப் போகாமல் இருந்தால், குளித்து எழுந்த அன்று முஸ்ஹஃபை எடுப்பது கஷ்டமாக இராது.

ஸூரத்துந் நஹ்லின் 92-ஆவது வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிடும் பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். உடன்படிக்கைகளை முறிப்பது பற்றிய வசனம் அது. எனினும் உழைத்து உண்டாக்கியதைத் தன் கையாலேயே கெடுப்பவர் எவருக்கும் அந்த உவமை பொருந்தும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் நம் சகோதரிகளிடம் கேட்டுப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, மெல்லிய நாராக்கி, ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். நேற்று ஒருநாள் நெய்ய முடியவில்லை என்பதற்காக, நெய்த பாதியை எவரும் அவிழ்த்துப் போடுவதில்லை. விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உற்சாக மிகுதியில் “இன்னது நடந்தால் தினமும் இத்தனை ரக்அத் தொழுவேன்” என்று நேர்ச்சை செய்துவிடுகிறார்கள். நஃபிலாக இருந்தது அப்போதே வாஜிபாகிவிடுகிறது. நேர்ச்சை செய்வதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவிக்கவில்லை. கஞ்சனிடமிருந்து எதையாவது வெளிக்கொணர்வதைத் தவிர வேறு பலன் அதனால் இல்லை என்ற கருத்தில் கூறியிருக்கிறார்கள். மனதுக்குள் முடிவு செய்துகொண்டு செய்யுங்கள், வாயால் நேர்ந்து கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

சரி, நாளாந்த ஊக்கத்துக்கு எதைப் பிடித்துக் கொள்வது? வியாபாரிகள் நிறைந்த சமுதாயம் நம்முடையது. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அறிவை வியாபாரியாகவும் நஃப்ஸைக் கூட்டாளியாகவும் உவமிக்கிறார்கள். கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேசிக்கொள்ள வேண்டும், பகலில் கண்காணிக்க வேண்டும், மாலையில் கணக்குக் கேட்க வேண்டும். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் இரவு எத்தனை மணியானாலும் பேரேட்டைப் புரட்டுகிறோம். ஒரு வக்து குறைந்தால் புரட்டுவதில்லை. இரவு படுக்குமுன் ஐந்தே நிமிடம் போதும். இன்று சொன்னதைச் செய்தோமா? இல்லையென்றால் ஏன்?

அந்த ‘ஏன்’ பெரும்பாலும் ஸுபுஹில் இருக்காது, இஷாவில் இருக்கும். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நாமோ நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைத் தடவிக் கொண்டிருந்துவிட்டு, காலையில் எழ முடியவில்லையே, ஈமான் குறைந்துவிட்டதோ என்று கவலைப்படுகிறோம். ஈமானைச் சோதிப்பதற்கு முன் கடிகாரத்தைச் சோதித்துக் கொள்வது நல்லது.

அடுத்தது நிய்யத். கடை திறப்பதும் சமைப்பதும் தினமும் வருவதால் சலிப்பும் தினமும் வருகிறது. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் கூலி உண்டென்று ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம் பெருமானார் கூறினார்கள், அது அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செய்யப்பட்டால். காலையில் கடைச் சாவியைத் திருப்பும்போது, ஹலாலான உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகத் திறக்கிறேன் என்று நினைக்க எத்தனை வினாடி ஆகும்? வேலை குறையாது. ஆனால் யாருக்காக உழைக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் கையில் இருப்பவன் எளிதில் சோர்ந்து போகமாட்டான்.

வீட்டு வேலையில் கை காய்த்துப்போன சகோதரிகள் அன்னை பாத்திமா (ரலி) அவர்களை நினைத்துக் கொள்ளட்டும். திரிகை அரைத்து அவர்களின் கை புண்பட்டது. பணியாள் ஒருவர் கேட்டுத் தந்தையாரின் வீட்டுக்குப் போனார்கள், பெருமானார் அங்கில்லை. அன்றிரவு அவர்கள் படுத்தபின் பெருமானார் (ஸல்) அவர்களே வந்து, மகளுக்கும் மருமகனுக்கும் இடையே அமர்ந்து, பணியாளை விடச் சிறந்ததைச் சொல்லித் தருகிறேன் என்று, படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதச் சொன்னார்கள். இதை வழமையாக ஓதி வருபவருக்கு உடற்சோர்விலும் பலம் கிடைக்கும் என்று உலமாக்களில் சிலர் விளக்கியிருக்கிறார்கள். மூன்று நிமிட அமல். அன்று முதல் அதை விட்டதில்லை என்றார்கள் அலீ (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 37-இல் நடந்த ஸிஃப்பீன் போரின் இரவிலுமா விடவில்லை என்று கேட்கப்பட்டது. அந்த இரவிலும் விடவில்லை என்றார்கள்.

தனியாக ஊக்கத்தைக் காப்பது கடினம். ஆதலால் வீட்டில் ஒருவர் மற்றவருக்குத் துணையாக இருக்க வேண்டும். மனிதன் உறங்கும்போது ஷைத்தான் பிடரியில் மூன்று முடிச்சுகள் போடுகிறான். எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்றும், ஒளுச் செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றும் அவிழ்கிறது, அவன் உற்சாகத்தோடு காலையை அடைகிறான் என்று ஹதீஸில் வருகிறது. முதல் முடிச்சை அவிழ்ப்பதற்கு அருகில் இருப்பவர் உதவலாம். இரவில் எழுந்து தொழுது, தன் மனைவியையும் எழுப்பி, அவள் எழ மறுத்தால் முகத்தில் நீர் தெளிக்கும் கணவனுக்கும், அவ்வாறே தன் கணவனை எழுப்பும் மனைவிக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் ரஹ்மத்தை வேண்டி துஆச் செய்திருக்கிறார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸைச் சொன்னால் சிலர் ஆர்வத்தோடு குவளையைத் தேடுகிறார்கள். தெளிப்பது என்றால் விரல் நுனியால் தெளிப்பதுதான். அதுவும் அன்போடு, முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொண்டு. பிள்ளைகளை எழுப்பும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஸுபுஹு நேரத்தில் அதட்டலையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு பாங்கோசையும் அதட்டலாகவே காதில் விழும்.